அந்தக் கேசட் பெட்டியைப் போட்டுவிடாதே

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்தது, குளிர் இன்னும் முடியவில்லை. நம் விடுதிக் கூட்டாளி ஒட்டடை உன் சைக்கிளைத் திருப்பித் தரமாட்டான், அதை விடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைக் காலி செய்வதால் பரணில் இருக்கும், காலமான நம் விடுதி நண்பன் மேஸ்திரி பதிவு செய்த நாடகங்களின் கேசட் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடப்போவதாக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மாங்காய் விலைக்குப் போய்விட்டாய். போடாதே. கடிதத்தில் மற்றதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் கேள்.

"இனிமேல் யார் அதைக் கேட்கப்போகிறார்கள்" என்று நீ சொல்வது எனக்கு இங்கிருந்தே கேட்கிறது. பிபிசியிலும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன், காபி போட்டுக்கொண்டு உட்கார்.

கொஞ்ச நாளாக நான் ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக்கின் பழைய பிபிசி ரேடியோ நாடகங்களாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ அதே காலத்து ரேடியோ நகைச்சுவையான கூன் ஷோ கட்சி என்பது தெரியும். அகமத்நகரில் பிறந்த, அதை எழுதிய ஸ்பைக் மில்லிகன்தான் உனக்கு எல்லாம். அந்த மனுஷன் போரில் குண்டு விழுந்து நரம்பு தளர்ந்து வந்தவர், வாராவாரம் எழுதி எழுதியே மறுபடி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவர். அவரைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கூன் ஷோவில் உலகமே தலைகீழ், என்ன வேண்டுமானாலும் நடக்கும். ஹான்காக்கிடம் ஒன்றுமே நடப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

ஹான்காக் நாடகங்களை எழுதிய ரே கால்டன், ஆலன் சிம்சன் இருவரும் எங்கே சந்தித்தார்கள் தெரியுமா? 1948-இல், சர்ரே மாவட்டத்து மில்ஃபோர்ட் சானடோரியத்தில், டி.பி. நோயாளிகளாக. தாம்பரம் சானடோரியத்தை நினைத்துக்கொள், அதே மாதிரி இடம். இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள். படுத்த படுக்கையில் ரேடியோதான் துணை. ஜெர்மனியில் இருந்த அமெரிக்க ராணுவ ஒலிபரப்பில் வந்த நகைச்சுவை எல்லாம் கேட்பார்களாம். அப்புறம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகள் நடத்திய ரேடியோவுக்கு எழுதினார்கள். துணி அடுக்கும் அறைதான் ஸ்டுடியோ. நம் விடுதியில் மேஸ்திரி போர்வையைச் சுவரில் தொங்கவிட்டு ரெக்கார்டிங் செய்தது நினைவிருக்கிறதா? படித்ததும் எனக்கு அதுதான் வந்தது.

அதுவரை பிபிசி நகைச்சுவை என்றால் ஒரு கூட்டம். போர்க்காலத்தில் டாமி ஹாண்ட்லி நடத்திய 'இட்மா'வில் கதவு திறக்கும், ஒருவர் வருவார், தன் வழக்கமான வசனத்தைச் சொல்வார், கைதட்டல், போய்விடுவார். நாடே அந்த வசனங்களைச் சொல்லிக்கொண்டு குண்டுவீச்சைத் தாங்கியது. 1949 ஜனவரியில் ஹாண்ட்லி இறந்தார், நிகழ்ச்சியும் அவரோடு முடிந்தது. மற்றவற்றிலும் நடுவில் ஒரு பாட்டு, ஒரு விருந்தாளி, பிறகு இன்னொரு துணுக்கு என்றுதான் போகும். 1954 நவம்பரில் ஹான்காக்கின் அரைமணி நேரம் தொடங்கியபோது இந்த இருவரும் பாட்டை எடுத்தார்கள், விருந்தாளியை எடுத்தார்கள், தனி ஜோக்கையும் எடுத்தார்கள். முழு அரைமணிக்கும் ஒரே கதை. ஈஸ்ட் சீம் என்கிற கற்பனை ஊரில், ரயில்வே கட்டிங்ஸ் 23-ஆம் நம்பர் வீட்டில், தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு வாழும் ஒருவன். அவ்வளவுதான்.

1958-இல் வந்த ஞாயிற்றுக்கிழமை மதிய நாடகத்தைக் கட்டாயம் கேள். வெளியே மழை. வீட்டில் நாலு பேர். செய்ய ஒன்றுமில்லை. ஹான்காக் பெருமூச்சு விடுகிறார். மணி என்ன என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கிறார். சுவர்க் காகிதத்தின் பூ வேலைப்பாட்டில் முகம் தெரிகிறது என்கிறார். நடுவில் யாரும் பேசாத இடைவெளிகள். ரேடியோவில் மௌனம் என்றால் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள், அந்த மௌனத்தை வைத்தே ஜனங்களைச் சிரிக்க வைத்தார்கள். பக்கத்தில் படுத்திருப்பவனின் புலம்பலை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு கிடந்தவர்களுக்குத்தான் இது எழுத வரும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

இனி என் ஆத்திரத்தைக் கேள். ஹான்காக் டெலிவிஷனுக்கு வந்து செய்த 63 எபிசோடுகளில் இன்று இருப்பவை 37. ரேடியோவில் 20 போல போய்விட்டன. தீ விபத்தோ வெள்ளமோ காரணமில்லை. முதலில் பல நேரடி ஒளிபரப்பு, பதிவே செய்யவில்லை. பதிவு செய்தவற்றையும் அழித்தார்கள். வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்யலாம். கலைஞர் சங்கங்களோடு போட்ட ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்கும் எல்லை உண்டு. திரும்பக் காட்ட முடியாததை எதற்கு வைத்திருப்பது என்பது அவர்கள் கணக்கு. நகைச்சுவை ஜோடி பீட்டர் குக்கும் டட்லி மூரும் அறுபதுகளில் சேர்ந்து செய்த தொடரை அழிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், டேப்புக்குக் காசு நான் தருகிறேன் என்று குக்கே முன்வந்தார். கேட்கவில்லை, பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில்தான் எல்லாவற்றையும் காப்பாற்றி வைக்கவேண்டும் என்ற புத்தி வந்தது.

அப்படியானால் மிஞ்சியவை எப்படி மிஞ்சின? நிறைய ரேடியோ நாடகங்கள், வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்புவதற்காக எடுத்த இசைத்தட்டுகளால் பிழைத்தன. சில, வீட்டு ரேடியோவிலிருந்து டேப்பில் பிடித்துவைத்த ரசிகர்களால். 1955-இல் ஒலிபரப்பான ஒரு ஹான்காக் நாடகம், உன் கூன் ஷோ பீட்டர் செல்லர்ஸ் நடித்தது, அழிந்தே போனதாக நினைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் வீட்டில் பதிவு செய்திருந்தார். 2022-இல் பிபிசி மறுபடி ஒலிபரப்பியது. அறுபத்தேழு வருஷம் ராமு!

கால்டனும் சிம்சனும் அடுத்து எழுதிய டிவி தொடர் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' இன்னும் நல்ல உதாரணம். 1962. அப்பனும் மகனும் குதிரை வண்டியில் போய்ப் பழைய சாமான் வாங்குகிறவர்கள், நீ பெட்டியைப் போடப்போகும் அதே தொழில். மகனுக்கு அப்பனை விட்டு ஓடிவிட ஆசை. முதல் நாடகத்தின் முடிவில் சாமான்களை வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர அப்பன் சம்மதிக்கவில்லை. தானே இழுத்துப் பார்க்கிறான், வண்டி நகரவில்லை. அப்படியே அழுகிறான். நடித்த ஹாரி எச். கார்பெட்டுக்கு நிஜக் கண்ணீர். நகைச்சுவை நடிகர்களை விட்டுவிட்டு நாடக நடிகர்களைப் போட்டதன் பலன் அது. 1964 பிரிட்டன் தேர்தல் நாளன்று இது மாலை எட்டு மணிக்கு மறு ஒளிபரப்பாக இருந்தது. தொழிலாளர் கட்சி வாக்காளர்கள் சாவடிக்குப் போகாமல் டிவி முன் உட்கார்ந்துவிடுவார்கள் என்று அந்தக் கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் பிபிசி தலைவரிடம் முறையிட, ஒன்பது மணிக்குத் தள்ளிவைத்தார்கள். வில்சன் வெறும் 4 இடப் பெரும்பான்மையில் ஜெயித்தார்.

இத்தனை புகழ் பெற்ற தொடரின் எழுபதுகளின் கலர் டேப்புகளில் பலவற்றையும் அழித்தார்கள். இன்று ஒரு எபிசோட்கூடக் குறையாமல் இருப்பதற்குக் காரணம், எழுதியவர்களுக்கென்று எடுத்துக்கொடுத்திருந்த கறுப்பு வெள்ளை வீட்டுப் பிரதிகள். மங்கல்தான், கோடுகள் ஓடும், ஆனால் இருக்கிறது.

ஹான்காக்கின் முடிவு எனக்கு வேதனை தரும். கூட நடித்த சிட் ஜேம்ஸை விலக்கினார், பிறகு எழுதிக்கொடுத்தவர்களையும் விலக்கினார். 1968-இல் சிட்னியில் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார், 44 வயது. சிட் ஜேம்ஸ் சிரிக்கும் சிரிப்பு பக்கத்தில் இருந்தபோதுதான் ஹான்காக்கின் புலம்பல் முழுமையாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மேஸ்திரியும் தனியாக ஒன்றும் செய்யவில்லையே. நாடகத்தில் நீ தலையாரியாகக் குரல் கொடுத்தால்தான் அவனுக்கு அடுத்த வசனமே வரும். அந்தப் பெட்டியில் இருப்பது அவன் மட்டும் என்று நினைத்துக்கொண்டு ஒதுக்கிவைக்கிறாய். போனவனை மறுபடி கேட்கப் பயமாக இருந்தால் நீ கேட்கவேண்டாம். அவன் மகள் கேட்கட்டும். அவளுக்கு அப்பாவின் குரல் நினைவிருக்காது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். கேசட்டுகளைப் பழைய டேப்ரெக்கார்டரில் போட்டுப் பார்க்காதே, நாடா சிக்கினால் போச்சு. வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தவற்றைத் தனிப் பையில் வை. உறைமேல் அவன் எழுதியிருப்பதை போட்டோ எடுத்து அனுப்பு. வெயிலில் காயவைக்காதே, உன் அம்மா வடகத்தோடு சேர்த்துக் காயவைத்தாலும் வைப்பார். கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை, ஜனவரியில் வரும்போது நல்ல கேசட் டெக் ஒன்றை எடுத்துவந்து நானே செய்கிறேன். ஏற்றியதும் மூன்று பிரதி, மூன்று வீட்டில். ஒன்று கட்டாயம் அந்தப் பெண்ணுக்கு.

இன்னொன்று. பஞ்சாயத்து ஆபீஸ் நாடகத்தில் கர்ணம் இருமிக்கொண்டே பேசுவாரே, அந்தக் குரல் ஒட்டடையா, வார்டனின் தம்பியா? தெரிந்தால் எழுது. உறைமேல் பெயர் போடவேண்டும்.

அன்புடன்,
உன் கோபாலு