ஃப்ரீடவுனின் மலைச்சரிவுகளை ஃப்ரீடவுனிடமே ஒப்படையுங்கள்: சியரா லியோன் அரசுக்கு ஒரு திறந்த மடல்

சியரா லியோன் நாட்டின் மாண்புமிகு அமைச்சர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2017 ஆகஸ்ட் 14 அன்று அதிகாலையில், மூன்று நாள் அடைமழைக்குப் பின், உங்கள் தலைநகர் ஃப்ரீடவுனை ஒட்டிய சுகர்லோஃப் மலையின் ஒரு பக்கம் சரிந்து ரீஜெண்ட் பகுதியின் வீடுகளை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்த ஒரே காலையில் நகரம் இழந்தது. மழை மட்டும் அதற்குக் காரணமன்று. காடு அழிக்கப்பட்டு, வீடே எழும்பியிருக்கக் கூடாத செங்குத்தான சரிவுகளில் வீடுகள் எழும்பியிருந்தன. ஒன்பது மாதங்கள் கழித்து அந்நகரத்தின் மேயராகப் பொறுப்பேற்ற இவோன் அகி-சாயரிடம், அத்தகைய சரிவில் ஒருவர் வீடு கட்டுவதை அனுமதிக்கவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை. நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலும் கட்டட அனுமதியும் உங்கள் நில அமைச்சகத்தின் கையிலேயே இருந்து வந்திருக்கின்றன. அவற்றை மாநகர மன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். நான் உங்கள் நாட்டுக் குடிமகன் அல்லன். நகர நிர்வாகங்கள் எங்கே தழைக்கின்றன, எங்கே முடங்குகின்றன என்பதைத் தொடர்ந்து வாசித்து எழுதி வருபவன்.

அவரை நம்பி இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே விடை சொல்கிறது. 1968-இல் பிறந்து ஃப்ரீடவுனில் வளர்ந்து, ஃபூரா பே கல்லூரியில் பொருளியல் பயின்ற அவர், பின்னர் லண்டனில் பட்டயக் கணக்காளராகி, நிதித்துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றினார். 1999 ஜனவரியில் கிளர்ச்சிப் படைகள் ஃப்ரீடவுனுக்குள் புகுந்து நகரைச் சூறையாடியபோது, தொலைவில் இருந்தபடி வருந்துவதோடு நின்றுவிடாமல், போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக ஓர் அறக்கட்டளையை மற்றவர்களோடு சேர்ந்து நிறுவினார். 2014-இல் எபோலா பரவியபோது லண்டன் வாழ்வை விட்டு வந்து, தேசிய எபோலா தடுப்பு மையத்தின் திட்டமிடல் இயக்குநராகப் பணியாற்றினார். ஏறத்தாழ நான்காயிரம் உயிர்களை உங்கள் நாட்டிலிருந்து பறித்த அந்த நோய்க்கு எதிரான பணிக்காக அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது உங்கள் நாடுதான். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர், பேரிடரின் நடுவே நின்று பழகிய பிறகே மேயர் நாற்காலிக்கு வந்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

உலகம் அவரை மரம் நடும் மேயராக அறிந்திருக்கிறது. பத்து லட்சம் மரங்களை இலக்காகக் கொண்டு 2020-இல் தொடங்கிய திட்டத்தில், அந்தந்தப் பகுதி மக்களே கன்றுகளை நட்டு, கோடையில் நீர் ஊற்றி, ஒவ்வொரு கன்றையும் கைப்பேசிச் செயலியில் பதிந்து, அது உயிரோடு இருப்பதைத் திரும்பத் திரும்பச் சென்று உறுதி செய்து, அதற்கான ஊதியத்தைப் பெறுகிறார்கள். நட்ட அன்று படம் எடுத்துக்கொண்டு கன்றை மறந்துவிடும் விழாக்களைப் பார்த்துச் சலித்த எனக்கு, பராமரிப்புக்குக் கூலி கொடுக்கும் இந்த ஏற்பாட்டின் அருமை நன்றாகவே புரிகிறது. ஆயினும் என் பார்வையில் அவருடைய ஆகப் பெரிய வேலை மரங்கள் அல்ல, சொத்துவரிதான். பட்டியலில் இடம்பெறாத கட்டடங்களைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கண்டுபிடித்து, கூரை, சுவர், இருப்பிடம், சாலை வசதி போன்றவற்றுக்குப் புள்ளிகள் இட்டு மதிப்பிடும் முறையை மாநகர மன்றம் கொண்டுவந்தது. பதிவான சொத்துகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. மலைமேல் மாளிகை வைத்திருப்பவரும் தகரக் கூரைக்குக் கீழே வாழ்பவரும் ஏறத்தாழ ஒரே தட்டில் வைத்து மதிப்பிடப்பட்டு வந்த அநீதியை அது குறைத்தது.

இதில் உள்ள முரணை எண்ணிப் பாருங்கள். மலைச்சரிவில் முளைத்த ஒரு வீட்டை வானிலிருந்து பார்க்கவும், அதன் கூரையை எண்ணவும், அதற்கு வரி கேட்கவும் மாநகர மன்றத்தால் முடிகிறது. அந்த வீடு அங்கே எழலாமா என்று முடிவு செய்ய மட்டும் முடியவில்லை. ஒரு கையால் கன்று நடும் சரிவிலேயே இன்னொரு கை மனை பிரித்துக்கொண்டிருந்தால் எத்தனை லட்சம் மரங்கள் நட்டும் அந்த மலை நிலைக்காது. கீழே கடலோரத்திலும் இதே கதைதான். க்ரூ பே, சூசன்ஸ் பே போன்ற குடியிருப்புகளில் குப்பையைக் கொட்டிக் கடலைத் தூர்த்து, அந்த நிலத்தின்மேல் குடிசை கட்டுகிறார்கள். 2021 மார்ச்சில் சூசன்ஸ் பேயில் தீப்பிடித்தபோது ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர்.

நான் கேட்பது புதிய சலுகை அன்று. 1972-இல் கலைக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களை 2004-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மீட்டெடுத்தபோது, உள்ளூர்த் திட்டமிடலும் கட்டட அனுமதியும் மன்றங்களுக்கு மாற்றப்பட வேண்டிய பணிகளின் பட்டியலில் இருந்தன. மேயர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் என்பது உங்களில் சிலருக்கு உறுத்தலாம். ஆனால் 2018-இலும் 2023-இலும் உங்கள் கட்சியின் குடியரசுத் தலைவர் வெற்றி பெற்ற அதே ஆண்டுகளில்தான் ஃப்ரீடவுன் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலும் இந்த அதிகாரம் அவருக்கானது அன்று, மன்றத்துக்கானது; 1966-இல் முன்னாள் மேயர் கான்ஸ்டன்ஸ் கம்மிங்ஸ்-ஜான் அமர்ந்த நாற்காலியில் நாளை உங்கள் கட்சிக்காரரே அமரலாம்.

மன்றத்தில் போதிய நில அளவையாளர்களும் திட்ட வல்லுநர்களும் இல்லை, அனுமதிச் சீட்டு விற்பனைப் பொருளாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அப்படியானால் அமைச்சகத்தின் அலுவலர்களையே மன்றத்துக்கு மாற்றுங்கள். வழங்கப்படும் ஒவ்வோர் அனுமதியையும் இடம், பெயர், நாள் ஆகியவற்றோடு பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுவதைச் சட்டத்தில் கட்டாயமாக்குங்கள். நகரம் முழுவதையும் ஒரே நாளில் மாற்றவும் தேவையில்லை. ரீஜெண்ட் முதல் சுகர்லோஃப் வரையிலான சரிவுகளையும் மேற்குத் தீபகற்பக் காட்டின் நகரத்தை ஒட்டிய விளிம்பையும் முதலில் கொடுங்கள். அடுத்த மழைக்காலம் மே மாதத்தில் தொடங்கிவிடும். அதற்கு முன்பாகவே அந்தச் சரிவுகளுக்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மிக்க மதிப்புடன்,
நகர நிர்வாகம் பற்றி எழுதும் ஒரு தமிழர்