விலை முடிவான பிறகு வக்கீலா?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். பெரியவரின் மூட்டுவலி குறைந்திருக்கிறது, பிடிவாதம் குறையவில்லை. மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன். நீ போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில்.

"விலை முடிவாகிவிட்டது; கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுவோம்" என்கிறாய். உங்கள் சூரிய மின்நிலையம் 25 ஆண்டுகளுக்கு மின்சாரம் விற்கப்போகிறது. எந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பது தெரியாமல் ஒரு யூனிட்டுக்கு விலையை எப்படி முடிவு செய்தீர்கள்? ஆய்வுக்கூடத்தில் இணைப்பை மும்முறை பார்க்காமல் ஸ்விட்சைத் தொடமாட்டாயே, அந்த எச்சரிக்கையெல்லாம் எங்கே போயிற்று?

குஜராத்தின் முந்த்ரா மின்நிலையங்களின் வழக்கை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். இந்தோனேசிய நிலக்கரியை நம்பி ஏலத்தில் விலை கேட்டு, டாடா, அதானி குழும நிறுவனங்கள் முந்த்ராவில் மின்நிலையங்களை நிறுவின. 2010-இல் இந்தோனேசிய அரசு, ஏற்றுமதி நிலக்கரியைச் சந்தை விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்ததும் அவர்களின் கணக்கு குலைந்தது; ஒப்பந்த விலைக்கு மேல் நிவாரணம் கேட்டார்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஏறி இறங்கிய அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரல் 11 அன்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் சட்ட மாற்றம் என்று சொல்லப்பட்டது இந்தியச் சட்டங்களின் மாற்றத்தையே குறிக்கும், எரிபொருள் விலையேற்றத்தை, பொறுப்பிலிருந்து விடுவிக்கும் தவிர்க்கவியலா நிகழ்வாகக் கொள்ள முடியாது என்று அந்த ஒப்பந்தமே விலக்கி வைத்திருக்கிறது என்பவை அதன் சாரம். ஆனால் உள்நாட்டு நிலக்கரி ஒதுக்கீட்டுக் கொள்கை மாறியதை அதே தீர்ப்பு சட்ட மாற்றமாக ஏற்று, அதற்கு நிவாரணம் உண்டு என்றது. பல ஆண்டு வழக்காடலின் முடிவு, வரைவு எழுதப்பட்ட நாளிலேயே ஏறக்குறைய தீர்மானமாகியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதைக்கிறது.

உனக்கு நிலக்கரிக் கவலை இல்லை, சரி. நண்பகலில் உன் தகடுகள் முழு வீச்சில் இயங்கும்போது மின்தொகுப்பை (grid) இயக்கும் மையத்திலிருந்து "உற்பத்தியைக் குறை" என்று உத்தரவு வந்தால், விற்காமல் போன அந்த யூனிட்டுகளுக்கு யார் பணம் தருவார்? மின்தொகுப்பின் பாதுகாப்புக்காகக் குறைப்பது வேறு, வாங்குபவர் மலிவான மின்சாரம் வேறிடத்தில் கிடைக்கிறது என்று குறைக்கச் செய்வது வேறு. இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் பிரித்து எழுத வேண்டும். உத்தரவு நேரக் குறிப்போடு எழுத்தில் வர வேண்டும். அந்நேரக் கதிர்வீச்சு அளவியின் பதிவைக் கொண்டு இழந்த யூனிட்டுகளைக் கணக்கிடும் முறை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்க வேண்டும். அளவி பழுதானால் எந்தப் பதிவை ஏற்பது என்பதையும் சேர்த்துக்கொள். இதைத் தனியாக எழுத எந்த வக்கீலாலும் முடியாது, உன்னாலும் முடியாது. இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

வெளிநாட்டு முதலீடு வருகிறது என்றும் எழுதியிருந்தாய். சூரிய மின்சாரம் போன்றவற்றுக்கு ஸ்பெயின் 2007-இல் அறிவித்த சலுகைக் கட்டணத்தைப் பின்னர் விலக்கிக்கொண்டபோது முதலீட்டாளர்கள், எரிசக்தித் துறையில் வெளிநாட்டு முதலீட்டைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான எரிசக்தி சாசன உடன்படிக்கையின் கீழ் வரிசையாக வழக்குத் தொடுத்தார்கள். ஐசர் என்ற முதலீட்டு நிறுவனம் 2017-இல் 12.8 கோடி யூரோ இழப்பீடு பெறும் தீர்ப்பை வென்றது. அதை நீதிமன்றத்துக்கு வெளியே விசாரித்த நடுவர்களில் ஒருவர், முதலீட்டாளர் தரப்பு நிபுணரின் நிறுவனத்தோடு தமக்கிருந்த தொடர்பை வெளிப்படுத்தவில்லை என்று 2020-இல் அந்தத் தீர்ப்பே ரத்தானது. கையில் வந்த வெற்றி போயிற்று! ஆகவே நடுவர் நியமன ஷரத்தைப் பழைய ஒப்பந்தத்திலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டாதே.

இயக்குநர்கள் வக்கீல் கட்டணத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வழக்கு வந்தபின் ஆகும் செலவையும் அதே தாளில் எழுதிக் காட்டு. மின்துறை ஆணையங்களில் வாதாடிப் பழகியவரையே தேடு; நம் குமரனின் மைத்துனர் நல்லவர்தான், ஆனால் அவர் நிலத் தகராறு வக்கீல்.

வரைவை இந்த வாரமே எனக்கு அனுப்பு. பின்னிணைப்புகளை மறந்துவிடாதே, கட்டணக் கணக்கும் அளவீட்டு முறையும் அங்கேதான் இருக்கின்றன. நான் படித்து முடிக்கும்வரை யாரிடமும் விலையை எழுத்தில் உறுதி செய்யாதே.

அன்புடன்,
ரகு