இளையோருக்கான வாய்ப்புகள் சபையின் கையிலும் இருக்கின்றன: யாழ். மாவட்டப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும், உப தவிசாளர்களுக்கும், உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2018 பெப்ரவரிக்குப் பிறகு இன்னோர் உள்ளூராட்சித் தேர்தலைக் காண எமக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முன்னைய சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்ததிலிருந்து நீங்கள் பதவியேற்கும் வரை செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். குப்பை அகற்றுவதும் வீதி விளக்குப் பொருத்துவதும் நின்றுவிடவில்லை; ஆனால் வட்டாரத்தில் தெரிவான உறுப்பினர் ஒருவரைத் தேடிப் போய்க் கேள்வி கேட்கும் வழி அடைபட்டிருந்தது. 2018இல் ஏழாம் தரத்தில் படித்த பிள்ளை, 2025 மே 6ஆம் திகதி உங்களைத் தெரிவுசெய்த வேளையில் வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இந்தச் சபை என்ன செய்யப்போகிறது என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இளையோரின் கல்வி, தொழில் பற்றிப் பிரதேச சபையிடம் பேசினால் வழக்கமாக ஒரு பதில் கிடைக்கும். பாடசாலை வலயக் கல்விப் பணிமனைக்குரியது, தொழிற்பயிற்சி மத்திய அரசின் அதிகார சபைகளுக்குரியது, வேலைவாய்ப்பு எமது அதிகாரத்துக்குள் வராது என்பார்கள். அதில் பொய்யில்லை. பிரதேச சபையால் தொழிற்சாலை கட்டவும் முடியாது, அரச நியமனம் வழங்கவும் முடியாது. ஆனாலும் இளையோரிடம் இல்லாத பல சபையிடம் இருக்கின்றன. நூலகமும் விளையாட்டு மைதானமும் சந்தைக் கட்டடமும் சபையின் சொத்துகள். வீதி, வடிகால், மின்விளக்கு வேலைகளுக்குச் சபை ஆண்டுதோறும் பணம் செலவிடுகிறது. சனசமூக நிலையங்கள் சபையோடு தொடர்புடையவை. இவற்றையெல்லாம் யாருக்காக, எந்த நேரத்தில், எந்த நிபந்தனையோடு திறந்துவிடுவது என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள்.

முதலில் நூலகத்தைச் சொல்கிறேன். பாடசாலை பிற்பகல் 1.30க்கு விடுகிறது. பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தனியார் கல்வி நிலையத்துக்குப் போகிறது. அது முடியும்போது மாலையாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பல பிரதேச சபை நூலகங்களின் கதவுகள் பூட்டப்பட்டுவிடுகின்றன. பகல் முழுவதும் பத்திரிகை வாசிக்க வரும் ஓய்வுபெற்றவர்களுக்கு அந்த நேர ஒழுங்கு பொருந்துகிறது, அவர்களுக்கும் அது வேண்டும்தான். ஆனால் ஒரே அறையில் மூன்று சகோதரங்களோடு இருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இரவு எட்டு மணிவரை வெளிச்சமும் மேசையும் அமைதியும் உள்ள ஓர் இடம் வேறெங்கே கிடைக்கும்? காலையில் சற்றுத் தாமதமாகத் திறந்து இரவில் தாமதமாக மூடுவதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஊழியரின் கடமை நேரத்தை மாற்றியமைக்க வேண்டும், மேலதிக நேரக் கொடுப்பனவுக்குப் பாதீட்டில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும், நூலகத்திலிருந்து பிரதான வீதிவரை விளக்குகள் எரிய வேண்டும். கடைசியாகச் சொன்னது சிறிய விடயமல்ல. வீதி இருட்டாக இருந்தால் பெண்பிள்ளையை வீட்டார் அனுப்பமாட்டார்கள். அப்படியாயின் நீடித்த நேரம் பையன்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

அதே நூலகத்தில் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. அரச பதவி வெற்றிடங்களும் போட்டிப் பரீட்சை அறிவித்தல்களும் வெள்ளிக்கிழமைகளில் வரும் அரச வர்த்தமானியில் வெளியாகின்றன. எமது பிள்ளைகள் பலர் அதை யாரோ முகநூலில் போட்ட, பாதி வெட்டப்பட்ட படமாகத்தான் பார்க்கிறார்கள், அதுவும் முடிவுத் திகதி நெருங்கிய பிறகு. ஒவ்வொரு கிழமையும் வர்த்தமானியைப் பார்த்து, இந்தப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் பதவிகளைத் தகைமை, வயதெல்லை, முடிவுத் திகதி ஆகிய விவரங்களோடு தமிழில் ஒரு தாளில் எழுதி நூலகத்திலும் உப அலுவலகங்களிலும் சனசமூக நிலையங்களிலும் ஒட்டும் பொறுப்பை ஒரு நூலக உதவியாளரிடம் கொடுங்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உதவ ஒருவர் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் அங்கே இருந்தால் இன்னும் நல்லது. ஓய்வுபெற்ற அதிபர்களும் எழுதுவினைஞர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சபை கேட்டால் வருவார்கள்.

தொழில் விடயத்தில் சபைக்கு இருக்கும் வாய்ப்பு இதைவிடப் பெரியது. எமது இளைஞர்களில் பெரும் பகுதியினர் சாதாரண தரத்தோடோ உயர்தரத்தோடோ படிப்பை நிறுத்தி, மேசன் வேலைக்கும் வயறிங் வேலைக்கும் குழாய் வேலைக்கும் போகிறார்கள். வேலை நன்றாகத் தெரியும், கையில் ஒரு தாளும் இருக்காது. உள்ளூரில் அவர் நாட்சம்பளத்திலேயே நிற்கிறார், வெளிநாடு போனாலும் உதவியாளராகத்தான் சேர்கிறார். எமது நாட்டின் தேசிய தொழில் தகைமைக் கட்டமைப்பில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள். வகுப்பறைக்குப் போகாமல் வேலைத்தளத்தில் பழகியவரின் திறனை மதிப்பிட்டு அந்தச் சான்றிதழை வழங்கும் முறையும் அதிலேயே இருக்கிறது. இந்த வழி இருப்பதை அறியாத மேசன்மாரை நான் எங்கள் சனசமூக நிலையத்திலேயே நிறையச் சந்தித்திருக்கிறேன். ஒருவர் தனது இருபது வருட வேலைக்குச் சான்றாகக் கைத்தொலைபேசியில் தான் கட்டிய வீடுகளின் படங்களைக் காட்டினார். அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

சபை இதில் இரண்டு விதமாகத் தலையிடலாம். தனது ஒப்பந்த வேலைகளில், குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட ஒவ்வொன்றிலும் உள்ளூர் இளையோர் ஒருவரையோ இருவரையோ பயிலுநராகச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையை, ஒப்பந்தக்காரரிடம் விலை கோரும் கேள்விப்பத்திரத்திலேயே எழுதலாம். வேலை முடிந்ததும், அந்தப் பிள்ளை என்ன வேலையை எவ்வளவு காலம் செய்தது என்பதைச் சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி எழுத்தில் கொடுத்தால், தகைமை மதிப்பீட்டுக்குப் போகும்போது அது பெரிய ஆதாரமாகும். மற்றையது, சபை தானே பயிலுநர்களை ஏற்பது. நீர் விநியோகம், மின்விளக்குப் பராமரிப்பு, வாகனத் திருத்தம், நூலகம், கணக்குப் பிரிவு என எத்தனையோ வேலைகள் சபைக்குள் நடக்கின்றன. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையோடும் தொழிற்பயிற்சி அதிகார சபையோடும் பேசி முறையான பயிற்சி இடங்களை உருவாக்குங்கள். தெரிந்தவரின் பிள்ளை என்பதற்காக இடம் கொடுக்கப்படுமானால், இத்திட்டம் தொடங்காமல் இருப்பதே நல்லது. விண்ணப்பங்களையும் தெரிவின் முடிவையும் அறிவித்தல் பலகையில் இட வேண்டும்.

சந்தைக் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடிய கேள்வி (ஏல விலை) கோருபவருக்குக் கடை என்ற முறை சபையின் வருமானத்துக்கு நல்லது; முற்பணம் இல்லாத இளம் தொழில் முயற்சியாளருக்கு அது மூடிய கதவு. ஒரு சந்தையில் இரண்டு கடைகளை மட்டும் முதன்முறையாகத் தொழில் தொடங்கும் இளையோருக்கெனக் குறைந்த வாடகையில், இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்கு ஒதுக்கலாம். கணக்காய்வில் கேள்வி வருமென்று தயங்க வேண்டாம். விதிகளைச் சபைத் தீர்மானமாக முன்கூட்டியே எழுதி, உள்ளூராட்சித் திணைக்களத்தின் ஆலோசனையோடு செய்தால் பதில் சொல்ல முடியும்.

மைதானங்களுக்கு நீங்கள் செலவிடுவது எனக்குத் தெரியும். ஆனால் எமக்கு அண்மையிலுள்ள ஒரு மைதானத்தில் வலைப்பந்து பழக வந்த பெண்பிள்ளைகள் சில கிழமைகளில் வராமல் விட்டார்கள். பயிற்றுநர் இருந்தார், பந்தும் இருந்தது. கழிப்பறையும் உடை மாற்ற ஓர் அறையும் இருக்கவில்லை. பார்வையாளர் அரங்குக்கு நிதி கேட்பதற்கு முன்னர் ஒவ்வொரு மைதானத்திலும் இவ்விரண்டும் உள்ளனவா என்று பார்க்குமாறு உங்களை வேண்டுகிறேன்.

அண்மைக் காலமாக மேடைகளில் இளையோரைப் பற்றிப் பேசுவோர் போதைப்பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த ஆபத்து உண்மையானது, பல வீடுகளை அழித்திருக்கிறது. எனினும் ஒரு தலைமுறை முழுவதையும் சந்தேகத்தோடு பார்க்கும் பேச்சு, மாலை ஆறு மணிக்குப் போக ஓர் இடமும், அடுத்த மாதம் செய்ய ஒரு வேலையும் இல்லாத பையனுக்கு எதையும் தருவதில்லை. விழிப்புணர்வு ஊர்வலத்துக்குச் செலவிடும் பணத்தின் ஒரு பகுதியையாவது மேலே சொன்னவற்றுக்குத் திருப்புங்கள்.

இவற்றையெல்லாம் இளையோரைக் கேட்காமல் தீர்மானிக்கவும் கூடாது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வேட்புமனுக்களில் 25 சதவீதம் 18 முதல் 35 வயதினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்த ஒதுக்கீடு வேட்புமனுவோடு நின்றுவிடுகிறது. சபையில் எத்தனை பேர் அமர்வார்கள் என்பதற்கு அது உத்தரவாதமல்ல. குறையை நிரப்ப உங்களிடம் வழியுண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேச வாசிகளையும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. நிதி, வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழினுட்ப சேவைகள், சுற்றாடல் ஆகியவற்றுக்கான குழுக்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு இளையோர், அவர்களில் ஒருவர் பெண், என்று தீர்மானம் எடுக்க எந்த அமைச்சின் அனுமதியையும் காத்திருக்க வேண்டியதில்லை.

மாவட்டத்தின் 13 பிரதேச சபைகளுக்கும் ஒரே திட்டம் பொருந்தாது என்பதையும் அறிவேன். நல்லூரில் உள்ள பிள்ளைக்கு நகரத்தின் வகுப்பும் நூலகமும் சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. நெடுந்தீவுப் பிள்ளை குறிகட்டுவானுக்கு வருவதற்கே படகையும் கடலின் குணத்தையும் பார்க்க வேண்டும். மாலை வகுப்புக்கு வந்து அன்றே திரும்புவது நடவாது. அங்கே சபை நூலகத்தில் நம்பகமான இணைய இணைப்பும் நான்கு கணினிகளும் இருப்பது மற்ற இடங்களைவிட அவசரமானது. புலம்பெயர்ந்த எம்மவர் ஊருக்கு உதவ விரும்பிக் கேட்கும்போது, இப்படியான தேவைகளைச் செலவு மதிப்பீட்டோடு பட்டியலாகக் கொடுக்கும் சபைகள் பயன்பெறும்.

எனது வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டுக்கான பாதீடு சபைக்கு வருவதற்கு முன்னர், இளையோருக்கான வாய்ப்புகள் என்ற விடயத்தை ஒரு மாதாந்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் தனியாகச் சேர்த்து, அந்த அமர்வுக்கு உங்கள் வட்டாரத்து இளைஞர் கழகங்களையும் விளையாட்டுக் கழகங்களையும் அழையுங்கள். நூலக நேரம், பயிலுநர் நிபந்தனை, குழு உறுப்புரிமை ஆகிய மூன்றிலும் சபை எடுக்கும் முடிவை, மறுப்பதாயின் மறுப்புக்கான காரணத்தோடு, அறிவித்தல் பலகையில் இடுங்கள்.

இப்படிக்கு,
சனசமூக நிலையம் ஒன்றின் முன்னாள் செயலாளர்,
வலிகாமம்.