மெல்லட்ரான் சின்தசைசர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் ராக் குழுவான மூடி ப்ளூஸின் கீபோர்டு கலைஞர் மைக் பிண்டர் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் இரண்டு பிழைகளைத் திருத்த வேண்டும். அவர் சின்தசைசரில் பேர் வாங்கியவர் என்கிறது கட்டுரை; உண்மையில் பேர் வாங்கியது டேப்பில் பதிந்த ஒலியை எழுப்பும் மெல்லட்ரான் என்ற கீபோர்டில். 1967-இல் வந்த 'நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்' பாடலைத் தாங்கி நிற்கும் வயலின் கூட்டமும் கட்டுரை சொல்வதுபோல் ஆர்கெஸ்ட்ரா அல்ல, அதே மெல்லட்ரான்தான். பீட்டர் நைட் நடத்திய ஆர்கெஸ்ட்ரா, அந்தப் பாடல் இடம்பெற்ற ஆல்பத்தில் பெரும்பாலும் பாடல்களுக்கு இடையில்தான் வருகிறது.

சின்தசைசர் ஒலியை மின்சுற்றில் உண்டாக்கும். மெல்லட்ரானில் கட்டைக்கு ஒரு டேப். உண்மையான வயலினும் புல்லாங்குழலும் அதில் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் ரோலர் டேப்பைப் பிடித்து இழுக்கும். சுமார் 8 விநாடி ஓடும், அதோடு ஒலி பட்டென்று அறுந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் டேப்பைப் பின்னுக்கு இழுக்கும். அது முழுதாகத் திரும்பும் முன் மறுபடி அழுத்தினால் ஸ்வரம் நடுவிலிருந்துதான் கேட்கும். ஆகவே நீண்ட கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) அப்படியே பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு விரலை எடுத்து அதே கார்டின் வேறொரு ஸ்வரத்தில் வைத்து, பிறகு அடுத்த விரல் என்று ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் டேப், ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மேல் சரியாகப் பதியாமல் ஒலி மங்கும். எல்லாக் கட்டைகளுக்கும் மோட்டார் ஒன்றே. பல கட்டைகள் சேர்ந்தால் பாரம் ஏறிச் சுருதி இறங்கும்.

பிண்டருக்கு இதெல்லாம் அத்துப்படி. இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த அவர், மெல்லட்ரான் செய்த ஸ்ட்ரீட்லி எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். மெல்லட்ரானின் மார்க் 2 மாடலில் இடம், வலம் என இரண்டு கீபோர்டுகள், பக்கத்துக்கு 35 கட்டைகள். இடப்பக்கம் முழுக்கத் தாளமும் பின்னணி இசையும். அந்த டேப்புகளைக் கழற்றிவிட்டு, வலப்பக்கத்து வாத்திய ஒலிகளையே அங்கும் பொருத்தினார். இரண்டு கைக்கும் வயலின் கிடைத்தது. ராக் இசையில் மெல்லட்ரானுக்கு இடம் பிடித்துக் கொடுத்ததில் இந்த வேலைக்குப் பெரும் பங்குண்டு என்பேன்.

பாடலாசிரியராகவும் அவரைக் கட்டுரை கண்டுகொள்ளவில்லை. 'ஓம்' (1968), 'மெலன்கலி மேன்' (1970), 'லாஸ்ட் இன் எ லாஸ்ட் வேர்ல்ட்' (1972) மூன்றும் அவர் எழுதியவை. 'மெலன்கலி மேன்' ஒன்றைக் கேட்டாலே போதும்: சில கார்டுகள் திரும்பத் திரும்ப வந்து, குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். மெல்லட்ரானின் நிதானம் அறிந்தவர் போட்ட மெட்டு அது. 1967 ஆல்பத்தின் முடிவில் குழுவின் டிரம்மர் கிரேம் எட்ஜின் கவிதையைச் சொல்லும் கனத்த குரலும் பிண்டருடையதே.

1978-இல் குழுவை விட்டு விலகிய அவர், 2024 ஏப்ரலில் 82-ஆம் வயதில் காலமானார். அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீபோர்டு பழுதுபார்ப்பவர்,
கோவை