பரிசல் எறக்க வழி விடுங்க: அயர்ன்பிரிட்ஜ் ஊர் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

கவுன்சில் பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க,

நான் தர்மபுரிக்காரன், வேலைக்காக இங்கிலாந்துல உங்க பக்கத்து டெல்ஃபோர்டு வந்து குடியிருக்கேன். ஊர்ல இருந்து யார் வந்தாலும் முதல்ல உங்க இரும்புப் பாலத்துக்குத்தான் கூட்டிட்டு வருவேன். 1779ல மூணாவது ஆபிரகாம் டார்பி நிறுத்துன பாலம், 378 டன் வார்ப்பிரும்ப தச்சு வேலை மாதிரி பொருத்து வெட்டிக் கோத்துருக்காங்கன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா நான் முதல் தடவை வந்தப்ப என் கண்ணு கீழ செவர்ன் ஆத்துலதான் நின்னுச்சு, அங்க ஒருத்தர் பரிசல் விட்டுட்டு இருந்தாருங்க! ஒகேனக்கல்ல பாத்து வளர்ந்தவன் நான், அது எனக்குத் தெரியாதா? எங்களுது மூங்கில், வட்டம். உங்களுது மெல்லிசான மரச் சட்டங்கள வளைச்சு துணி போர்த்துனது, நடுவுல உக்கார ஒரு பலகை. ஆனா ரெண்டுக்கும் தார் பூச்சுதான், ஒத்தத் துடுப்புதான்.

பாலத்துச் சுங்கச் சாவடி போர்டுல அரச குடும்பமே வந்தாலும் காசு குடுக்கணும்னு எழுதியிருக்கு, நடந்து போறவங்ககிட்ட 1950 வரைக்கும் வாங்கியிருக்காங்க. அந்தக் காசு மிச்சம் ஆகட்டும்னு பரிசல்லயே அக்கரைக்குப் போனவங்க உண்டுன்னு சொல்றாங்க. ரோஜர்ஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையா பரிசல் கட்டுன ஊருங்க இது.

இப்ப விஷயத்துக்கு வரேன். செவர்ன் பொறக்கற வேல்ஸ் மலைல மழை கொட்டுனா ஆத்தோரமா இருக்கற வார்ஃபேஜ் தெருவுல தண்ணி ஏறுது, 2020 பிப்ரவரில வெள்ளத்துக்கு வச்ச தற்காலிகத் தடுப்பே நகர்ந்து போய் ஜனங்கள வீட்ட விட்டு வெளிய வரச் சொன்னாங்க, அந்த பயம் நியாயமானது, அந்தத் தெருவுக்கு உறுதியா ஒரு பாதுகாப்பு வேணும், அதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல. ஆனா நாளைக்கு நிரந்தரமா ஒண்ணு கட்டணும்னு பேச்சு வந்தா, கரை முழுக்க ஒரே சுவரா எழுப்பி ஆத்த மறைச்சிடாதீங்க. பரிசலத் தோள்ல தூக்கிட்டுப் போய் எறக்கற அளவுக்கு ஒரு படி, வெள்ளம் வந்தா சாத்திக்க ஒரு கதவு, இவ்ளோதான் கேக்கறேன். என்ஜினியர் வரைபடம் போடறதுக்கு முன்னாடியே பரிசல் விடறவங்களக் கூப்பிட்டு, தண்ணி எங்க சுழிக்கும், எந்த எடத்துல எறக்குனா லேசுன்னு கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்ங்க.

மரியாதையுடன்,
டெல்ஃபோர்டுல இருக்கற ஒரு ஒகேனக்கல் பக்கத்து ஆளு