மலர்க்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: மூலப் படத்தைத் தாருங்கள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், சனசமூக நிலையங்கள், விளையாட்டுக் கழகங்கள் ஆகியவற்றின் மலர்க்குழுவினருக்கு,

வணக்கம்.

நூற்றாண்டு மலர், கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக வெளியிடும் சிறு நூல்) என்று ஆண்டு முழுவதும் ஏதாவதொன்றை அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஊர் நமது ஊர். அவற்றின் எழுத்துகளில் நீங்கள் காட்டும் சிரத்தை பெரிது. ஆசிச்செய்தியின் கீழ் ஒருவருடைய பட்டம் விடுபட்டால்கூட இரவென்றும் பாராமல் தொலைபேசி எடுத்துத் திருத்தச் சொல்கிறீர்கள். அந்தச் சிரத்தையில் காற்பங்காவது படங்களின் மீதும் விழவேண்டும் என்று கேட்பதற்காகவே, அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்யும் ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். படம் எந்த அளவில் எடுக்கப்பட்டதோ அந்த அளவிலேயே மூலக் கோப்பை எங்களிடம் தாருங்கள். சுருக்குவதையும் வெட்டுவதையும் அந்தந்தத் தேவைக்கென எடுக்கும் பிரதியில் செய்துகொள்ளலாம்.

எண்ணிமப் படம் என்பது பிக்சல்கள் எனப்படும் சிறு புள்ளிகளின் நிரல் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இன்றைய சாதாரணக் கைத்தொலைபேசி 12 மெகாபிக்சலில் எடுக்கும் படம் ஏறத்தாழ 4000 பிக்சல் நீளமும் 3000 பிக்சல் அகலமும் கொண்டது. மலர்களுக்குப் பயன்படும் பளபளப்பான ஆர்ட் தாளில் படம் கூர்மையாக விழவேண்டுமானால் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருப்பது நல்லது; அந்தக் கணக்கில் மேற்சொன்ன படத்தை 13 அங்குல நீளம் வரை அச்சிடலாம், அதாவது A4 பக்கம் முழுவதையும் நிரப்பினாலும் மிஞ்சும். பத்திரிகைத் தாள் மையை உறிஞ்சிப் பரவவிடுவதால் அதில் அச்சுப்புள்ளிகளும் பருமனாகவே இடப்படுகின்றன; அங்கே அங்குலத்துக்கு 200 பிக்சல் தாராளம். ஆக, உங்கள் உறுப்பினர்களின் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியே மலருக்குப் போதுமான படத்தை எடுக்கிறது. அது எங்கள் மேசைக்கு வந்துசேரும் வழியில்தான் தேய்ந்துபோகிறது.

அந்த வழி பெரும்பாலும் வட்ஸ்அப். அதில் வழக்கமான முறையில் ஒரு படத்தை அனுப்பினால், அதன் நீண்ட பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலை ஒட்டிய அளவுக்குச் சுருக்கப்பட்டு, நான்கு மெகாபைட் இருந்த கோப்பு சில நூறு கிலோபைட்டாகப் போய்ச்சேர்கிறது. 2023இல் வந்த எச்.டி. தெரிவு சற்றுப் பெரிய படத்தை அனுப்பினாலும் அதுவும் மூலக் கோப்பை அப்படியே அனுப்புவதில்லை. ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஒருவர் குழுவில் போட்ட படத்தை இன்னொருவர் இறக்கி, முகநூலில் ஏற்றி, அங்கிருந்து வேறொருவர் திரைப்பிடிப்பாக எடுத்து எங்களுக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு படியிலும் ஏதோவொன்று கழிந்துவிடுகிறது. இதற்கு மாற்று கடினமானதல்ல. அதே வட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு, படம் என்பதற்குப் பதிலாக ஆவணம் என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினால் கோப்பு சுருங்காமல் வரும். படங்கள் நிறைய இருந்தால் கூகிள் டிரைவில் ஒரு கோப்புறையைத் திறந்து இணைப்பை அனுப்பலாம், அல்லது பென்டிரைவில் கொண்டுவந்து தரலாம். வேர்ட் ஆவணத்துக்குள் கட்டுரையோடு படத்தையும் ஒட்டி அனுப்பும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். சேமிக்கும்போது வேர்ட் பல பதிப்புகளில் தன் இயல்பான அமைப்பிலேயே படத்தை, பக்கத்தில் நீங்கள் வைத்த அளவுக்கு ஏற்ப, அங்குலத்துக்கு 220 பிக்சலாகக் குறைத்துவிடும். தீப்பெட்டி அளவில் வைத்திருந்தால் எங்களுக்குக் கிடைப்பதும் தீப்பெட்டிக்கு உரிய பிக்சல்களே.

இந்தச் சுருக்கம் எங்கே உறைக்கிறது என்பதைக் குழுப்படத்தில் பாருங்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள் நால்வரிசையில், வரிசைக்குப் பதினைந்து பேராக நிற்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மூலப் படம் 4000 பிக்சல் என்றால் ஒருவருக்கு 260 பிக்சல் அளவில் இடம் கிடைக்கும். அதில் முகம் பாதி என்று கொண்டால் 130 பிக்சல். வட்ஸ்அப்பில் வந்த 1600 பிக்சல் பிரதியில் அதே முகம் ஐம்பது பிக்சலாகிவிடும். தொலைபேசிப் படங்கள் வழக்கமாகச் சேமிக்கப்படும் ஜெபெக் (JPEG) கோப்புமுறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கத்தைக் கழித்தே கோப்பைச் சிறிதாக்குகிறது. ஐம்பது பிக்சல் முகத்தின் குறுக்கே அத்தகைய சதுரங்கள் ஆறுதான் விழும். கண்ணுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று, மீசைக்கு அதுவும் இல்லை. தொலைபேசித் திரையில் உள்ளங்கை அளவில் பார்க்கும்போது எல்லாரும் அடையாளம் தெரிவார்கள். A4 பக்கத்தில் கிடையாகப் போட்டால் அங்குலத்துக்கு 137 பிக்சலே தேறும், மூன்றாம் வரிசையில் நிற்பவரை அவருடைய தாயார்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். மலர் வெளியீட்டன்று மண்டபத்தில் முதலில் விரிக்கப்படும் பக்கம் அந்தக் குழுப்படப் பக்கம்தான் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

படம் 72 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 72 புள்ளி) என்று காட்டுகிறது, அதை 300 ஆக மாற்றித் தந்திருக்கிறோம் என்று சில குழுவினர் அன்போடு சொல்வதுண்டு. அந்த எண் கோப்போடு ஒட்டியிருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. பிக்சல்களின் தொகையை மாற்றாமல் அதை மாற்றுவது, காணி உறுதியில் இரண்டு பரப்பை எட்டுப் பரப்பு என்று திருத்தி எழுதுவதைப் போன்றது. வேலி இருந்த இடத்தில்தான் இருக்கும். பிக்சல்களின் தொகையையும் சேர்த்துக் கூட்டினால், மென்பொருள் அயலிலுள்ள புள்ளிகளைப் பார்த்து இடைப்பட்டவற்றை ஊகித்து நிரப்புகிறது. பக்கம் நிரம்பும், தெளிவு கூடாது. ஆகவே எங்களிடம் பேசும்போது டி.பி.ஐ. கணக்கை விட்டுவிட்டு, படம் எத்தனை பிக்சலுக்கு எத்தனை பிக்சல் என்று சொல்லுங்கள்.

இணையத்துக்கான கணக்கு இதற்கு நேர்மாறானது. பாடசாலையின் இணையத்தளத்தில் விளையாட்டுப் போட்டிப் படங்கள் நாற்பதை மூல அளவிலேயே, ஒவ்வொன்றும் 5 மெகாபைட்டாக ஏற்றினால், அந்தப் பக்கத்தைத் திறக்கும் பெற்றோரின் டேட்டாவில் 200 மெகாபைட் கரைகிறது. நீண்ட பக்கத்தை 1600 பிக்சலாகக் குறைத்து, ஜெபெக் தரத்தை நூற்றுக்கு 80 அளவில் வைத்துச் சேமித்தால் ஒவ்வொன்றும் 300 கிலோபைட்டை ஒட்டி வரும். மொத்தம் 12 மெகாபைட், திரையில் பார்ப்பவருக்கு வேறுபாடு எதுவும் தெரியாது. சுருக்கிய பின் மிக மெல்லியதாகக் கூர்மையாக்கினால் படம் இன்னும் எடுப்பாக இருக்கும். இர்ஃபான்வியூ, ஜிம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த வேலைக்குப் போதும், நாற்பது படங்களையும் ஒரே தடவையில் சுருக்கும் வசதி இர்ஃபான்வியூவில் உண்டு. சுருக்கியதை வேறு பெயரில், வேறு கோப்புறையில் சேமியுங்கள். மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டால் பின்னர் எவராலும் அதை மீட்டுத்தர முடியாது.

ஒவ்வொரு இடமும் தனக்கென ஓர் அளவைக் கேட்கும் என்பதையும் மனதில் கொள்ளவேண்டும். முகநூல் முகப்புப் படம் கணினியில் நீள்பட்டையாகவும், கைத்தொலைபேசியில் அதைவிட அகலம் குறைந்த வடிவிலும் தெரிவதால், விழா அறிவித்தலின் முக்கிய எழுத்துகளை ஓரங்களில் வைத்தால் ஒன்றில் இல்லாவிட்டால் மற்றொன்றில் வெட்டுப்படும். அமெரிக்கக் கிறீன் காட் லொத்தருக்கு விண்ணப்பிப்பவர்கள் சதுரமான, குறைந்தது 600க்கு 600 பிக்சல் கொண்ட, 240 கிலோபைட்டுக்கு மேற்படாத படத்தையே கொடுக்கமுடியும். அதற்காகச் சுருக்கிய படத்தையே பின்னர் மலரில் தலைவரின் முழுப்பக்கப் படமாகப் போடும்படி தருவதும் நடக்கிறது. பாடசாலை இலச்சினையைப் பொறுத்தவரை இணையத்தளத்தின் மூலையிலிருந்து உருவிய இருநூறு பிக்சல் படம் எதற்கும் உதவாது. அதை வரைந்தவரிடம் எஸ்.வி.ஜி. அல்லது பி.டி.எவ். வடிவில் வெக்ரர் கோப்பாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத கோப்பாக) ஒருமுறை கேட்டு வாங்கி வைத்திருந்தால், கடிதத்தலைப்புக்கும் அதே கோப்பு, மைதான வாயில் வளைவுக்கும் அதே கோப்பு.

பனர் அடிப்பவர்கள் பெரிய அளவைச் சொல்லிப் பயமுறுத்தினால் கலங்கவேண்டாம். பத்தடிக்கு ஆறடிப் பனருக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால் 36,000க்கு 21,600 பிக்சல் வரும்; அப்படியொரு படத்தை எந்தத் தொலைபேசியும் எடுக்காது, எவரும் கேட்கவும் கூடாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியின் மறுகரையில் நின்று பார்க்கப்படும் பனருக்கு அங்குலத்துக்கு முப்பது நாற்பது பிக்சல் இருந்தாலே கண் நிறைவடைந்துவிடும், ஆகையால் 4000 பிக்சல் தொலைபேசிப் படமே போதும். பனரில் நன்றாகத்தானே தெரிந்தது என்று அந்தப் பனர்க் கோப்பையே மலருக்கும் தரவேண்டாம் என்பதுதான் என் கவலை. மலரை வாசகர் ஒரு முழத் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

அளவு பொருந்தவில்லை என்பதற்காகப் படத்தை இழுப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். தொலைபேசிப் படம் 4:3 விகிதத்தில் இருக்கிறது. அதை 16:9 சட்டத்துக்குள் இழுத்து நிரப்பினால் அகலம் மூன்றிலொரு பங்கு கூடி, ஒல்லியான அதிபரும் உப்பிய கன்னத்தோடு காட்சி தருவார். பொருந்தாத படத்தை வெட்டவேண்டும், அல்லது பக்கத்தில் வெற்றிடம் விடவேண்டும். இழுப்பதற்கு எந்தச் சூழ்நிலையிலும் நியாயம் இல்லை என்பது என் முடிவு. எங்கே வெட்டலாம் என்று தீர்மானிக்க இடம் தேவை என்பதால், படம் எடுப்பவர்களிடம் ஆட்களின் தலைக்கு மேலும் பக்கங்களிலும் சற்று இடம்விட்டு எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தின் விளிம்புவரை போகும் படத்தில் நாங்கள் நாற்புறமும் 3 மில்லிமீற்றர் வெட்டுக்கெனக் கூடுதலாக விடவேண்டியும் இருக்கிறது.

இனிப் பழைய படங்கள். 1995 இடப்பெயர்வோடும் அதற்கு முன்னும் பின்னுமான இடம்பெயர்வுகளோடும் அல்பங்கள் எத்தனையோ போய்விட்டன. பல குடும்பங்களில் ஓர் அப்புவுக்கோ அம்மம்மாவுக்கோ எஞ்சியிருப்பது ஸ்ரூடியோவில் எடுத்த கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றே. 35க்கு 45 மில்லிமீற்றர் கொண்ட அந்தப் படத்தை 300 டி.பி.ஐ.யில் ஸ்கான் செய்தால் கிடைப்பது 413க்கு 531 பிக்சல். கல்வெட்டின் அட்டைக்கு அது காணாது. அதே படத்தை 1200 டி.பி.ஐ.யில் ஸ்கான் செய்தால் 1654க்கு 2126 பிக்சல் கிடைக்கும், A5 பக்கத்தை அநேகமாக நிரப்பிவிடலாம். அசலில் இல்லாத நுணுக்கத்தை ஸ்கானர் உண்டாக்காதுதான். ஆனால் இருப்பதை விட்டுவிடாமல் எடுக்க இந்த எண்ணே உதவும். ஸ்கான் செய்ததை ரிஃப் (TIFF) கோப்பாக வைத்திருங்கள், திருத்தித் திருத்திச் சேமித்தாலும் தரம் குறையாது. பழைய மலரிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ எடுப்பதானால், அச்சுப்புள்ளிகளும் ஸ்கானரின் நிரலும் மோதி அலையலையான கோலம் விழும் என்பதால், ஸ்கானர் மென்பொருளில் அச்சுப்புள்ளி நீக்கும் தெரிவை இயக்கவேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய படத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அதை உரித்தெடுக்க முயலவேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடே நேராக நிறுத்தி, இரு பக்கமும் சரிவாக வெளிச்சம் விழ, எதிரொளி இல்லாத கோணத்தில் படமெடுப்பதே அதற்கு வழி.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய படத்தைப் பெரிதாக்கித் தருகின்றனவே என்று இப்போது பலர் கேட்கிறீர்கள். மண்டபத்தின் சுவரையோ தேரின் சிற்பத்தையோ அப்படிப் பெரிதாக்குவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. இறந்தவரின் முகத்தில் அதைச் செய்யவேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது பிக்சலில் இல்லாத இமையையும் பல்வரிசையையும் அந்தச் செயலி தான் படித்த வேறு முகங்களிலிருந்து எடுத்து வைக்கிறது. வருவது பார்க்க அழகான, ஆனால் அந்த வீட்டில் வாழ்ந்திராத ஒருவரின் முகம். சிறிய படம் சிறிதாகவே இருக்கட்டும். A5 பக்கத்தின் நடுவில் இரண்டு அங்குலத்தில், சுற்றிலும் வெள்ளை விட்டு வைத்தால் அது கண்ணியமாகவே இருக்கும். எப்படி வைப்பது என்பதை எங்களிடம் விடுங்கள். நிறத்தையும் அவ்வாறே விடுங்கள்: திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் அச்சின் நான்கு மைகளில் சற்று அடங்கித்தான் வரும், அதைச் சரிப்படுத்துவதும் மூலக் கோப்பு இருந்தால்தான் இயலும்.

ஆகையால் அடுத்த மலருக்கான முதற் கூட்டத்திலேயே, கட்டுரைகளுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது போலப் படங்களுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆசிச்செய்தி கேட்டு எழுதும் கடிதத்திலேயே படத்தை ஆவணமாக அனுப்பும்படி ஒரு வரி சேருங்கள். வந்த கோப்புகளை ஆளின் பெயரும் ஆண்டும் இட்டுச் சேமித்து, சங்கத்தின் கணினியில் ஒன்றும் வெளியே ஒரு வன்தட்டில் ஒன்றுமாக இரு பிரதிகள் வையுங்கள். மலர் வெளியான பின்னும் அழிக்கவேண்டாம், பொன்விழாவுக்கோ வைரவிழாவுக்கோ வரும் குழு அவற்றைத் தேடும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னர், பெரிதாக வரவேண்டிய படங்கள் எவை என்ற பட்டியலோடு ஒருமுறை அச்சகத்துக்கு வாருங்கள். எது தாங்கும், எது தாங்காது என்று பக்கம் கட்டுவதற்கு முன்பே திரையில் காட்டிச் சொல்லிவிடுகிறோம்.

இங்ஙனம்,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.