ஆட்டைக்குச் சேர்க்காத பையன்

சத்துவாச்சாரி
ஞாயிறு காலை

மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. வெயிலால்தான் தாமதம் என்றால் நம்புவாயா? நீயும் வேலூர்க்காரன்தானே, நம்பு. முட்டிவலி அப்படியே இருக்கிறது. பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள், 5 வயது. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் தெருவில் பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பையன் ஓரமாக வந்து நின்றான். “உன்ன ஆட்டைக்குச் சேத்துக்க மாட்டோம், போடா” என்று விரட்டிவிட்டார்கள். நம் காலத்தில் ஒப்புக்குச் சப்பாணியாகவாவது சேர்ப்போம். இவள் வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். “பாவம், நீ போய்க் கூப்பிடேன்” என்றேன். அசையவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்புறம் அன்று சாயங்காலம் முழுக்க என்னை ஒட்டிக்கொண்டே திரிந்தாள். நான் காபியை ஆற்றினால் அவள் பாலை அதே உயரத்தில் ஆற்றுகிறாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டால், அவளும் ஒரு துண்டைத் தேடி எடுத்து உதறுகிறாள். நான் செருமினேன், அவளும் செருமினாள்! கேலி செய்கிறாள் என்று அதட்டிவிட்டேன்.

ராத்திரி போனில் மகளிடம் சொன்னேன். அவள் உளவியல் படித்தவள் ஆயிற்றே. ஹாரியட் ஓவர், மலிண்டா கார்பென்டர் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னாள். 5 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வீடியோ. அதில் ஆட்கள்கூட இல்லை, வெறும் உருவங்கள். ஒன்று கிட்டே வர வர மற்றவை விலகிப் போகின்றன. அதன் பிறகு ஒருவர் ஒரு வேலையைச் செய்துகாட்ட, அந்த வீடியோவைப் பார்த்த பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைவிட அச்சு அசலாக அவரைப் போலவே செய்திருக்கிறார்கள். 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில், இப்படிப் பார்த்த பிள்ளைகள் பக்கத்திலிருந்தவரை நெருங்கி உட்கார்ந்தார்களாம். யாரையோ ஒதுக்குவதைப் பார்த்தாலே போதும், பிள்ளைக்குத் தன் இடம் ஆடுகிற மாதிரி இருக்கும்போல. உடனே யாரையாவது பிடித்துக்கொள்கிறது.

ஒரு சாயங்காலத்தை வைத்து இவளும் அதனால்தான் அப்படிச் செய்தாள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதட்டியது தப்பு.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கோட்டை மைதானம் ஞாபகம் வந்தது. கோலி ஆட வந்த அந்தப் பையனை நீங்கள் நாலு பேரும் துரத்தினீர்களே? நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் உன்னைப் போலவே வலது பக்கம் வகிடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். நீகூடச் சிரித்தாய். முடி கொட்டும் வரைக்கும் அந்த வகிடுதான்.

அந்தப் பையன் முகம் அப்படியே கண்ணில் நிற்கிறது, பேர்தான் வரவில்லை. உனக்கு வந்தால் எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்